லோஷினியின் பலூன் உத்தியோகம் பற்றி அவள் தாய்மாமனுக்கு

ஸ்கூடாய்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பாசத்துக்குரிய தம்பி மகேஸ்வரனுக்கு, உன் அக்கா பேச்சியம்மாள் ஸ்கூடாய் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து எழுதிக்கொண்டது. முருகன் தயவில் இங்கே நான் சுகம். குளுவாங்கில் நீயும் கஸ்தூரியும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். லோஷினியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சரிபார்க்காத எதையும் நான் எழுத்தில் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும், ஆகவே அவளைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரிக்காதே. எனக்குப் போன் வாங்கிக் கொடுத்தது லோஷினி. அதற்குள் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்ததும் அவள். நான் உனக்கு வாட்சப்பில் ஒரு வரி தட்டினால் அது எந்த வழியாக எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. போன மாதம் உனக்கு மட்டும் என்று நினைத்து அவளைப் பற்றி நான் பேசி அனுப்பியது குடும்பக் குழுவில் போய் விழுந்து, பினாங்கில் இருக்கிற சித்தப்பா மகன்கூட அதைக் கேட்டுவிட்டு, “தைரியமா இருங்கக்கா” என்று ரோஜாப்பூப் படம் அனுப்பினான். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு. உன் வீட்டுக்காரி கஸ்தூரியிடம் காட்டாதே. அவள் நல்லவள்தான், அவள் தங்கச்சிதான் நல்லவள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். லோஷினி முன்பு வேலை பார்த்த சிங்கப்பூர் விமானப் பட்டறை அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. பழைய வேலையே, கூடுதல் சம்பளத்தோடு. வருகிற வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. அவளே லேப்டாப்பைத் திறந்தபடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், கண்ணாடி என் மூக்கில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரமாகிறது, அவள் இன்னும் பதில் போடவில்லை. நீ அவளுக்குத் தாய்மாமன். உன் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். அவள் அப்பா போன பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு கேட்கிறது உன் பேச்சு ஒன்றைத்தான். நீ வியாழக்கிழமை கிளம்பி வந்து, ‘சிங்கப்பூருக்குப் போ’ என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் ஆதாரம்.

உனக்கே தெரியும், அவள் நாலு வருஷம் இதே ஸ்கூடாயில் மெக்கானிக்கல் படித்தாள். அப்புறம் ஏழு வருஷம் விடியாத நேரத்தில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, வரிசையில் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரைச் சாப் வாங்கி, விமான இன்ஜினைப் பிரித்துப் பூட்டினாள். நானும் எங்கள் தாமானில் வீடு வீடாகச் சொல்லிப் பெருமைப்பட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நான் சம்பலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, “மா, நான் வேலைய விட்டுட்டேன். கெலாங் பாத்தாவுல ஹாட் ஏர் பலூன் கம்பெனியில சேர்ந்துட்டேன்” என்றாள்.

“பலூனா? பொறந்தநாளுக்கு ஊதிக் கட்டுவாங்களே, அதா?”

“இல்லமா. மனுஷங்க ஏறிப் போறது. கீழ கூடை இருக்கும், அதுக்கு மேல நெருப்பு எரியும். அந்தச் சூட்டுக் காத்துலதான் பலூன் தூக்கும்.”

“பிரம்புக் கூடையா?”

“ஆமா.”

“பிரம்புக் கூடைக்கு மேல நெருப்பு. அதுல உனக்கு என்ன வேலை?”

“அது பாதுகாப்பா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடறதுமா.”

“கூடைக்கு மேல நெருப்பு எரியிற எடத்துல பாதுகாப்பு வேறயா?” என்று கேட்டேன். ஐஸ்பெட்டியைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. தோண்டிக் கேட்டபோதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. போன வருஷம் கம்பெனி அனுப்புகிறது என்று சொல்லி இரண்டு மாதம் இங்கிலாந்தில் இருந்தாளே, அது கம்பெனி அனுப்பவில்லையாம். ஏதோ பலூன் விழாவைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு, சொந்தக் காசில், லீவு போட்டு, பலூன் பழுது பார்க்கப் படித்துப் பரீட்சை எழுதப் போயிருக்கிறாள். அங்கிருந்து அவள் வாங்கி வந்த சாக்லெட்டை நீங்கள் குளுவாங்கில் ஆளுக்கு நாலு சாப்பிட்டீர்கள், அது பொய் சொல்லி வாங்கிய சாக்லெட் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில் கியூசி பார்த்தவள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, எது நல்ல சாமான் எது கெட்ட சாமான் என்று பிரித்துப் போட்டவள். மேலே பளபளவென்று இருப்பதைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில். ஆகவே பெற்ற மகள் என்று பார்க்காமல் அவளையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன், நோட்டுப் போட்டு தேதியோடு எழுதியும் வைத்தேன்.

முதல் விஷயம் நேரம். காலை நாலரைக்கு வீட்டை விட்டுப் போகிறாள், பத்து மணிக்கெல்லாம் திரும்பி வருகிறாள். சில நாள் ஆறு மணிக்கே வந்துவிடுகிறாள், கேட்டால் “காத்து சரியில்லமா” என்கிறாள். நோட்டில் பார்த்தேன், பதினோரு நாளில் ஏழு நாள் காற்று சரியில்லை. காற்று சரியில்லை என்று வேலைக்குப் போகாத இன்ஜினியரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தில்தான் மழை பெய்தால் பால்மரம் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. நாலு வருஷம் படிக்க வைத்தது திரும்ப வானத்தைப் பார்த்து உட்காரவா? அப்புறம் வாசனை. வருகிறபோது சட்டையெல்லாம் காஸ் நாற்றம், ஒரு நாள் இடது புருவத்தில் பாதியைக் காணோம். அப்புறம் அந்தப் பிக்கப் காடி. அதன் பின்னால் எட்டு காஸ் சிலிண்டர், மேலே கான்வாஸ் போட்டு மூடி. தம்பி, கெலாங் பாத்தாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற ரெண்டாவது பாலம் எவ்வளவு தூரம் என்று நீயே யோசித்துப் பார். நம் ஊர் மலிவு காஸை யாரோ அந்தப் பக்கம் கடத்துகிறார்கள், என் மகள் அதற்குக் கணக்குப் பிள்ளையாக இருக்கிறாள் என்று நான் முடிவே பண்ணிவிட்டேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு மேல் தினம் காலையில் வருகிற போன். கிபாயத்துல்லா என்று ஒருவர். என் மகளும் அவரும் வணக்கம் சலாம் எதுவும் இல்லாமல் நேரே நம்பரில் பேசுவார்கள். “கீழ ரெண்டு, நடுவுல நாலு, மேல ஒம்போது, ஏழு மணிக்கு” என்று அவர் சொல்ல, இவள் “சரி, போலாம்” என்பாள். இல்லாவிட்டால் “வேணாம்” என்பாள். அலமாக், இது நாலு நம்பர் சூதாட்டம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சும்மா சோதித்துப் பார்ப்பதற்காக, வேறு எதற்கும் இல்லை, நானும் பக்கத்து வீட்டு சந்திரமதியும் 2497 எடுத்தோம். அவசரத்தில் நான் திருப்பி எழுதிவிட்டேன், எனக்கு ஒன்றும் விழவில்லை. சந்திரமதிக்கு ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு லோஷினியின் வேலைமேல் தனி மரியாதை. “நல்ல கம்பெனிதாங்க்கா, விட்றாதீங்க” என்கிறாள். அது காற்றின் வேகம், தரையில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று சொல்கிற கணக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பிறகுதான் தெரிந்தது. கிபாயத்துல்லா யார் என்றும் பிறகுதான் தெரிந்தது. அவர்தான் பலூன் ஓட்டுகிறவர். பேரன் பேத்தி எடுத்தவர், கெலாங் பாத்தாவில் அண்ணன் தம்பியோடு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காதல் கீதல் என்கிற பக்கத்துச் சந்தேகம் மட்டும் தீர்ந்தது.

மற்றது தீரவில்லை, அதனால் ரெண்டு வாரத்துக்கு முன்னால் சந்திரமதியின் காடியில் லோஷினியைப் பின்தொடர்ந்து போனோம். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. விளக்கைப் போடாதே என்று நான் சொன்னேன், விளக்கு இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று அவள் கேட்டாள், அந்தச் சண்டையிலேயே கெலாங் பாத்தா வந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய திடல். ஓரமாக நிறுத்திவிட்டு நாங்கள் கொண்டுபோன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். தரையில் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குச் சிவப்புத் துணியை விரித்து, பெரிய ஃபேனை வைத்துக் காற்று அடித்தார்கள். அந்தத் துணிக்குள்ளே, உள்ளேயே, என் மகள் டார்ச்லைட்டோடு நடந்து போகிறாள். நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை பலூன் வயிற்றுக்குள் நிழலாகத் தெரிகிறாள். கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் வெளியே வந்து அந்தப் பக்கக் கயிற்றுக்குப் போய்விட்டாள், பலூனும் நிமிர்ந்து நின்றுவிட்டது. அங்கேதான் தப்பு நடந்தது. அன்றைக்கு ஏதோ கோயில் முதியோர் சங்கம் பஸ்ஸில் வந்து பலூன் ஏற இருந்ததாம். அந்த வேலைக்காரப் பிள்ளைகள் என் சேலையையும் நரைத்த தலையையும் பார்த்து, “வாங்க ஆன்ட்டி, நீங்கதான் மொதல்ல, பஸ் எங்க?” என்று கேட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து என்னைக் கூடைக்குள் தூக்கி இறக்கிவிட்டார்கள். நான் சங்கம் இல்லை என்று சொல்கிறதுக்குள் தலைக்கு மேலே புஸ்ஸென்று நெருப்பு, கால் தரையில் இல்லை.

கூடைக்குள் கிபாயத்துல்லா நின்றுகொண்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஸ்டியரிங் எங்க?” என்று கேட்டேன்.

“இல்லக்கா.”

“பிரேக்கு?”

“அதுவும் இல்லக்கா.”

“ரெண்டும் இல்லாத வண்டிய நீங்க எப்படி ஓட்டறீங்க?”

“இந்த எடத்துல அவுத்து விடறதுக்குப் பெர்மிஷன் இல்ல, பக்கத்துல சிங்கப்பூரு. மூணு பக்கமும் கயிறு கட்டியிருக்கு. மேல போவோம், பார்ப்போம், எறங்குவோம், அவ்வளவுதான் லா.”

“ஏறின எடத்துலயே எறங்கறதுக்கு எதுக்கு ஏறணும்?”

அவர் சிரித்தார். “அத உங்க பொண்ணுகிட்ட கேளுங்க. கீழ நிக்கிதே, அதான் உங்க பொண்ணுன்னு மூக்கப் பார்த்தாலே தெரியிது. அது தெனம் ஒவ்வொரு கயித்தையும் மூணு தடவை பார்க்கும்க்கா. நான் முடிச்சுப் போட்டாலும் அவுத்து மறுபடி போடும். என்னை நம்பவே நம்பாது.” குனிந்து பார்த்தேன். கீழே லோஷினி அண்ணாந்து பார்த்தாள். பெற்ற தாய் ஆகாயத்தில் நிற்பதை அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பொழுது அப்போதுதான் விடிந்தது, ஒரு பக்கம் கடலும் பாலமும், இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டமாகப் பச்சை. நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்றாக இருக்கிறது என்பதற்காக எந்தச் சாமானையும் நான் பாஸ் பண்ணியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நாலு நாள் லோஷினி என்னோடு பேசவில்லை.

இனி நேற்று நடந்ததைக் கேள். இதுதான் முக்கியம். நேற்று சனிக்கிழமை, அவர்கள் பட்டறைக்குப் புளிச்சோறு கொண்டுபோனேன். சோறு சாக்குத்தான், உனக்கே தெரியும். இன்றைக்கு, அதாவது ஞாயிற்றுக்கிழமை, பெரிய விழா. டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து பலூனில் ஏறித் திறந்து வைக்க, பிறகு இருநூறு பேர் டிக்கெட் வாங்கி ஏற ஏற்பாடு. அதற்கு முன்னால் பலூன் சரியாக இருக்கிறது என்று லோஷினி கையெழுத்துப் போட வேண்டும். நான் போனபோது அவள் அந்தச் சிவப்புத் துணிக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து தையல் தையலாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு மாதிரி ஒன்று, ரெண்டு பக்கமும் கிளிப். துணியைக் கிளிப்பில் பிடித்து, இத்தனை கிலோ என்று கணக்கு வைத்து இழுக்கிறாள். தாங்கினால் பாஸ். முதல் இடம் தாங்கியது. ரெண்டாவது இடம் தாங்கியது. நான் டிபன் கேரியரைத் திறந்தேன், வேலை முடிந்தது என்று நினைத்து. அவள் முடிக்கவில்லை. தவழ்ந்துகொண்டே உச்சிப் பக்கம் போனாள், சூடு அதிகமாகப் படுகிற இடமாம், அங்கே பிடித்து இழுத்தாள். டர்ரென்று கிழிந்துவிட்டது. சுட்ட அப்பளம் மாதிரி, அவ்வளவு சுலபமாக. அந்தப் பலூனில்தான் ரெண்டு வாரம் முன்னால் நான் போனேன் தம்பி!

அந்த நேரம் பார்த்து முதலாளி காளிதாஸ் வந்தார். முன்பு வீட்டுமனை வியாபாரம் பண்ணியவராம், பட்டறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. பேச்சு இப்படி நடந்தது, ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“லோஷினி, புக்குல எத்தனை எடம் இழுக்கச் சொல்லியிருக்கு?”

“ரெண்டு எடம்.”

“அந்த ரெண்டும்?”

“தாங்கிருச்சு.”

“அப்புறம் மூணாவது எடத்துல எதுக்கு இழுத்த?”

“எனக்கு நம்பிக்கை வரல பாஸ்.”

“நம்பிக்கை வரலயா? ரெண்டு பாஸ் ஆயிருச்சுல்ல? கிழிஞ்ச எடத்த ஒட்டுப் போட்டுத் தச்சிரு. நாளைக்கு டத்தோ வர்றாரு. ஒரு கையெழுத்து லா, அதுக்கு இவ்வளவா?”

“தச்சா பக்கத்துல கிழியும். மேல் துணி பூராவும் மாத்தணும். வெளிநாட்டுலேருந்து வரணும், மூணு வாரம் ஆகும். போட முடியாது பாஸ்.”

மெதுவாகத்தான் சொன்னாள். காளிதாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். “இவங்க யாரு?” என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று, “நான் கியூசி” என்றேன். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாயில் அதுதான் வந்தது. அவர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றினார். அரசாங்கத்திலிருந்து யாரோ சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. “உக்காருங்க மேடம், தே ஓ குடிக்கிறீங்களா மேடம்” என்றார். நானும் உட்கார்ந்தேன், பாலில்லாத அந்தத் தே ஓவும் குடித்தேன், அந்தத் துணியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கிட்டே வைத்துப் பார்த்து, “ரிஜெக்ட்” என்றேன். விழா நிறுத்தம் என்று அவரே போனில் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கிளம்பும்போது நான் லோஷினியிடம், “சோத்து டப்பாவ மறக்காம கழுவி எடுத்துட்டு வா கண்ணு” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான். “அம்மாவக் கூட்டிட்டு வந்து என்னை மெரட்டினியா?” என்று அவர் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, செத்துப்போன உன் மச்சானிடமும் சொன்னதில்லை. லோஷினி ‘போட முடியாது’ என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையைவிடப் பயமாக இருந்தது. தொண்ணூற்றெட்டில் நான் ஃபேக்டரியில் ரெண்டு வருஷம் பேக்கிங் பக்கம் போனேனே, முதுகுவலி, உட்கார முடியவில்லை என்று உங்கள் எல்லாரிடமும் சொன்னேனே, அது பொய். நாலாயிரம் சாமான் ஒரே லாட்டு, கணக்குப்படி பார்க்க வேண்டியது அஞ்சு, அஞ்சும் நன்றாக இருந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் ஆறாவதை எடுத்துப் பார்த்தேன், கெட்டது. சூப்பர்வைசர் ஒரு கையெழுத்துத்தானே என்றான். போடவில்லை. மறுநாளே என்னைத் தூக்கிப் பெட்டி ஒட்டுகிற இடத்தில் போட்டான். என்னோடு சேர்ந்தவளெல்லாம் லீடர் ஆனாள், நான் ரெண்டு வருஷம் டேப் ஒட்டினேன். அந்த ரெண்டு வருஷம் தினம் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். என் பிள்ளைக்கு அது வரக் கூடாது. சிங்கப்பூர் பட்டறையில் ஒரு இன்ஜினுக்கு ஆறு பேர் கையெழுத்து, ஒருத்தி முடியாது என்றால் கேட்க ஆள் உண்டு. இங்கே இவள் ஒருத்தி, எதிரே கறுப்புக் கண்ணாடி. இன்று காலையிலிருந்து அறையில் படுத்துக் கிடக்கிறாள், அழுதாளா என்று தெரியவில்லை, கதவில் காதை வைத்துக் கேட்டேன், சத்தம் இல்லை. சத்தம் இல்லாமல் அழுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஆகவே தம்பி, வியாழக்கிழமை தவறாமல் வந்துவிடு. வந்ததும் பலூன் பேச்சை எடுக்காதே, முதலில் சாப்பிடு, பிறகு சாதாரணமாக, ‘சிங்கப்பூர்லேருந்து கூப்பிட்டாங்களாமே, போயிரும்மா’ என்று சொல்லு. எப்படித் தெரியும் என்று கேட்டால் கனவு கண்டேன் என்று சொல்லாதே, போன தடவை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டாய். உனக்கும் கஸ்தூரிக்கும் நோய் நொடி இல்லாமல், வீட்டில் பாலும் சோறும் குறையாமல் முருகன் வைத்திருக்கட்டும். கஸ்தூரியின் தங்கச்சியையும் வைத்திருக்கட்டும், கொஞ்சம் தூரமாக.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும் அக்கா,
பேச்சியம்மாள்.

பி.கு.: திங்கட்கிழமை காலை. கடிதத்தை ஒட்டப் போகும்போது திரும்பத் திறந்துவிட்டேன். இப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது லோஷினி வந்து என் பக்கத்தில் நின்றாள். “மா, நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு முடியல. சிங்கப்பூருக்கு வர்றேன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடறேன்” என்றாள். மூன்று மாதமாக நான் கேட்ட வார்த்தை, நேற்று முழுக்க உனக்கு எழுதின வார்த்தை. தோசை கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை. “அப்ப அந்தப் பலூனுக்கு யாரு கையெழுத்துப் போடுவா?” என்று கேட்டேன். “யாராச்சும் போடுவாங்கமா. நான் போனா போடறதுக்கு பாஸ் ஆள் பார்த்துட்டாராம்.” “அந்த ஆளு மூணாவது எடத்துல இழுத்துப் பார்ப்பானா?” “மாட்டான்” என்றாள்.

தம்பி, நான் பேக்கிங்குக்குப் போன பிறகு அந்த நாலாயிரம் சாமானுக்கும் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டார். அது எங்கே போனது, எந்த மெஷினில் உட்கார்ந்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. பாத்ரூமில் அழுதது அதற்காகத்தான், டேப் ஒட்டியதற்காக இல்லை. மேலே நான் அதை மாற்றி எழுதியிருக்கிறேன். சற்று முன்னால் கிபாயத்துல்லாவுக்கு நானே போன் போட்டேன். “அந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாம நான் ஏற மாட்டேன்க்கா. ஆனா அதுவும் போயிருச்சுன்னா, நான் ஒருத்தன் கத்தி என்ன ஆகப் போவுது? இருந்தா ரெண்டு பேரா நிப்போம்” என்றார்.

அதனால் வியாழக்கிழமை நீ கண்டிப்பாக வர வேண்டும். வந்து, போகாதே, அங்கேயே இரு, கையெழுத்துப் போடாமலே இரு என்று அவளிடம் சொல்லு. நான் சொல்ல முடியாது. மூன்று மாதம் போ போ என்று கத்தியவள் ஒரே நாளில் இரு என்றால் என் மகள் நம்புவாளா? இந்த அம்மா எதையோ மறைக்கிறாள் என்று என் நோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவாள். நீயாகத் தோன்றி வந்ததாகவே இருக்கட்டும்.